பொட்டு வைக்கிற மெஷின்

என் மாமியாரான அத்தை, குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடையைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினால் போதும். என் வீட்டுக்காரர் கண்ணில் மறுபடியும் நெருப்பு விழுந்துவிட்டது என்று புதுச்சத்திரத்தில் எங்கள் தெருவுக்கே தெரிந்துவிடும்.

யார் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது என்பது அத்தைக்கு மனப்பாடம். வாசலில் நின்று குரல் கொடுப்பார்.

"சித்த தாய்ப்பால் குடு சாமி. எம்பையன் கண்ணு எரியுதுன்னு துடிக்கறான்."

எந்தப் பெண்ணும் இல்லை என்று சொன்னதில்லை. உள்ளே போய்ப் பாலாடையில் கொஞ்சம் பீய்ச்சிக் கொடுப்பார்கள். அந்த வெதுவெதுப்பு ஆறுவதற்குள் அத்தை ஓட்டமும் நடையுமாக வந்து, பாயில் மல்லாந்து கிடக்கும் மகனின் இமையைப் பிரித்துச் சொட்டுச் சொட்டாக விடுவார். மணல் அள்ளிப் போட்டமாதிரி உறுத்துகிறது என்று புரண்டுகொண்டிருந்த மனிதர் கொஞ்ச நேரத்தில் அடங்குவார்.

என் கணவர் நடேசன் நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை ஒன்றில் வெல்டர். அந்தக் காலத்தில் வெல்டர்களின் கண்ணுக்குத் தாய்ப்பாலைவிட்டால் வைத்தியம் கிடையாது என்று எல்லோரும் நம்பினார்கள். என் மகள் பால் குடித்தவரை நானே கொடுத்தேன். அவள் மறந்த பிறகுதான் இந்தத் தெருச் சுற்றல். அத்தைக்கு மகனைப் பார்த்து அழுகை வரும். எனக்குக் கோபம் வரும். அது இன்றைக்கும் அப்படித்தான், பயந்துவிட்டேன் என்றால் முதலில் யார்மேலாவது எரிந்து விழுவேன்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் இந்தப் பக்கத்தில் போகிற போக்கில் 'எங்கள் வீட்டுப் பொட்டு மெஷின்' என்று எழுதிவிட்டேன். ஸ்டிக்கர் பொட்டு தயாரிக்கிற மெஷினா, கையால் ஓட்டுவதா, கரண்டில் ஓட்டுவதா என்று வாசகிகள் விசாரிக்கிறார்கள். இல்லை தாயே, இது இரும்புக்குப் பொட்டு வைக்கிற மெஷின். அந்தக் கதையைத்தான் இந்த வாரம் சொல்ல வேண்டியிருக்கிறது.

மூன்றாவது கை இல்லை

கறுப்புக் கண்ணாடி வைத்த மறைப்பு அவரிடம் இல்லாமல் இல்லை. நீளமாக வெல்டிங் ஓட்டும்போது முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வார். வினை வருவது பொட்டு வைக்கும்போதுதான்.

இரண்டு தகடுகளை முழுதாக ஒட்டுவதற்கு முன்னால் அவை நகராமலிருக்க அங்கங்கே ஒரு துளி உருக்கி வைப்பார்கள். அதற்குப் பட்டறையில் பெயர் 'பொட்டு'. ஒரு கையில் தகடு, இன்னொரு கையில் வெல்டிங் குச்சி. கண்ணாடியைப் பிடிக்க மூன்றாவது கைக்கு எங்கே போவது? கண்ணை இறுக மூடி, முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு 'சர்ர்' என்று ஒரு பொட்டு. மறுபடி திரும்பிப் பார்த்து அடுத்த பொட்டு. நாளெல்லாம் இப்படி. மூடின இமைக்குள்ளேயும் அந்த வெளிச்சம் நுழைந்துவிடும் என்பார்.

ஒரு முறை பால் விட்டும் எரிச்சல் அடங்கவில்லை. சேலத்துக்குக் கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் ஒரு விளக்கை வைத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு என் மடியிலிருந்த குழந்தையைக் காட்டிச் சொன்னார்.

"இந்த வெளிச்சத்தை இன்னையோட விட்டா இருக்கிற பார்வை நிக்கும். விடலைன்னா, இந்தப் பொண்ணு கல்யாணத்தை நீங்க காதால தான் கேக்கணும்."

திரும்பும் வழியில் பஸ் மல்லூரைத் தாண்டியது. என் கணவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே, "இரும்ப உட்டுட்டு நான் என்ன பண்றது சரசு?" என்றார்.

அவருடைய அப்பா, அண்ணன் எல்லோருமே தறிக்காரர்கள். குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து நெய்ய முடியாது என்று சண்டை போட்டுக்கொண்டு பட்டறைக்கு ஓடின ஆள் இவர். இரும்பு என்றால் அவருக்கு அப்படி ஒரு ஆசை. என்னைப் பெண் பார்க்க வந்தபோது எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியைத்தான் முதலில் பார்த்தார் என்று எங்கள் அம்மா சாகும்வரை சொல்லிச் சிரிப்பார்.

வீட்டுக்கு வந்ததும் பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். "தீவாளி முட்டும் ஊட்டுல இருந்து பாக்கறேன். வேற வழி கெடைக்கிலீன்னா பட்டறைக்குத்தான் போவோணும். கண்ணு போனா போவுது."

டம்ளரில் இருந்த தழும்பு

வெண்ணந்தூரில் என் பிறந்த வீட்டில் பி.யூ.சி. வரை படிக்க வைத்தார்கள். அதனால் பெரிய அறிவாளி ஆகிவிடவில்லை. எதையும் பிரித்துப் பார்க்கிற கிறுக்கு மட்டும் கூடிப்போனது. அண்ணன் ரேடியோவைப் பிரித்துவிட்டு, திரும்ப மாட்டும்போது ஒரு திருகாணி மிஞ்சிப்போய் நான் வாங்கின அடி தனிக் கதை.

எங்கள் வீட்டில் கைப்பிடி வைத்த எவர்சில்வர் டம்ளர் ஒன்று இருந்தது. கைப்பிடி ஒட்டியிருக்கிற இடத்தில் அம்மை குத்தின தழும்புபோல இரண்டு சின்னக் குழிகள். ஆணி இல்லை, ஈயம் இல்லை. பிறகு எப்படி நிற்கிறது? காபி ஆறுவதற்குள் தினமும் அந்தத் தழும்பைத் தடவிப் பார்ப்பேன்.

பாத்திரக் கடைக்காரரைக் கேட்டேன். இரண்டு செம்பு முனைகளுக்கு நடுவில் தகடுகளை வைத்து அமுக்கிக் கரண்டைப் பாய்ச்சினால் அந்த இடம் மட்டும் உருகி ஒட்டிக்கொள்ளும் என்றார். வடக்கே அதற்கு மெஷின் இருக்கிறதாம்.

"அதுல வெளிச்சம் வருமாங்க?" என்றேன்.

"வெளிச்சமா? அமுக்கிப் புடிச்சிருக்கறப்ப வெளிச்சம் எங்கிருந்து வருதுங்க? ஏதோ ஒண்ணு ரெண்டு பொறி வந்தா உண்டு."

எனக்கு அங்கேயே கைகால் பரபரத்துவிட்டது.

எங்கள் ஊர்ப்பக்கம் வடக்கத்திச் சாமான் வேண்டுமென்றால் கடைக்குப் போக வேண்டாம், லாரி டிரைவரிடம் சொன்னால் போதும். டெல்லி லைன் ஓட்டிய மாணிக்கம் என்கிற டிரைவரிடம் சொல்லிவைத்தேன். முழு மெஷினுக்கு எங்கள் வசதி இடம் கொடுக்காது. உதிரியாகப் பெட்டியில் போட்டுத் தருகிறார்கள், நாமே மாட்டிக்கொள்ள வேண்டும் என்று அவர் விசாரித்து வந்தார். அடுத்த நடையில் ஓர் ஆப்பிள் பெட்டியில் அது வந்து சேர்ந்தது. வைக்கோலைப் பிரித்தபோது ஆப்பிள் வாசனையும் கிரீஸ் வாசனையும் சேர்ந்து அடித்தது.

"மாப்ள, பூரா டெல்லியிலயும் இத வாங்கற மொத மதறாசி நாந்தான்னு சொல்லிச் சிரிக்கறாங்க" என்று மாணிக்கம் பெட்டியை இறக்கிவைத்தார்.

ராட்டையில் சுற்றிய செம்பு

பெட்டிக்குள் மெல்லிய இரும்புத் தகடுகள் ஒரு குவியல். பாதி இங்கிலீஷ் ஈ எழுத்துபோல, பாதி ஐ எழுத்துபோல. ஒரு உருண்டை வார்னிஷ் பூசின செம்புக் கம்பி. விரல் தடிமனில் ஒரு செம்புப் பட்டை. இரண்டு செம்புக் கைகள், அவற்றின் நுனியில் மாட்ட இரண்டு முனைகள், காலால் மிதிக்க ஒரு கட்டை, ஒரு ஸ்பிரிங். செய்முறைக் காகிதம் இந்தியில் மூன்று பக்கம். இங்கிலீஷில் அரைப் பக்கம்தான், அதிலும் பாதி நன்றி தெரிவித்தல்.

தத்துவம் ஒன்றும் கஷ்டம் இல்லை. மெல்லிய கம்பியைப் பல சுற்று ஒரு பக்கம் சுற்ற வேண்டும். தடித்த பட்டையை இன்னொரு பக்கம் இரண்டே சுற்று. வீட்டுக் கரண்டு இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வரும்போது வேகம் குறைந்து கனம் கூடிவிடும். தொட்டால் ஷாக் அடிக்காது, ஆனால் இரும்பை உருக்கும். இது எப்படி என்று பி.யூ.சி.யில் பரீட்சைக்கு எழுதியிருக்கிறேன். நம்பியது அன்றைக்குத்தான்.

கம்பி சுற்ற என் பிறந்த வீட்டிலிருந்து தறிக்கு நூல்தார் சுற்றுகிற ராட்டையைக் கொண்டுவந்தேன். நூல் சுற்றின கை, செம்பும் சுற்றியது. சுற்றுகளை எண்ணப் புளியங்கொட்டை வைத்திருந்தேன். பாதியில் அத்தை வந்து "அரிசி களையட்டுமா சாமி?" என்று கேட்டதில் எண்ணிக்கை போய்விட்டது. எல்லாவற்றையும் பிரித்து மறுபடி சுற்றினேன். மறுநாள் குழந்தை ஒரு கொட்டையை வாயில் போட்டுக்கொண்டது. கொட்டையைக் கக்க வைத்த பிறகு மறுபடியும் பிரித்தேன்.

இரும்பு வேலை முழுக்க அவருடையது. அடித்தளம், கைகளைத் தாங்கும் சட்டம், மிதிகட்டை எல்லாவற்றையும் கண்ணால் பார்த்ததைவிட விரலால் தடவித்தான் பொருத்தினார். தகடுகளை அடுக்கியதில் மட்டும் இரண்டு பேரும் ஏமாந்தோம். ஈ வடிவத் தகடுகளை எல்லாம் ஒரே பக்கம் பார்த்து அடுக்கிவிட்டோம். சுவிட்சைப் போட்டதும் தேன்கூட்டைக் கலைத்தமாதிரி ஒரு இரைச்சல். மெஷின் தானாகவே தள்ளாடித் தள்ளாடிக் கதவுப் பக்கம் நகர ஆரம்பித்தது.

"ஏம்புள்ள, இது நம்மள உட்டுட்டு டெல்லிக்கே கெளம்புதாட்டம் இருக்குதே!" என்று அவர் சிரித்தார். டாக்டரிடம் போய்வந்த பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஒன்று வலம், ஒன்று இடம் என்று மாற்றி மாற்றி அடுக்க வேண்டும் என்பது அந்த அரைப் பக்கத்தின் கடைசி வரியில் இருந்தது. நன்றி தெரிவித்தலுக்குக் கீழே.

"ஆச்சா?"

மெஷின் ஒழுங்காக நின்ற நாளில், அவர் பிஸ்கட் டப்பாவின் மூடியை வெட்டி இரண்டு துண்டுகளைச் செம்பு முனைகளுக்கு நடுவில் வைத்தார். மிதிகட்டையில் கால் வைத்தார். கண்ணை இறுக மூடினார். முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டார். பழக்கம்.

முனைகள் இரண்டும் தகட்டைக் கவ்வின. 'உம்ம்' என்று ஒரு சின்ன முனகல். வீட்டு பல்பு ஒரு கணம் மங்கி மறுபடி எரிந்தது. அவ்வளவுதான்.

அவர் இன்னும் முகத்தைத் திருப்பியபடியே நின்றார். "சரசு, ஆச்சா?"

"ஆச்சுங்க."

"வெளிச்சமே வரலியே?"

"வராதுங்க. கண்ணத் தொறந்து பாருங்க."

அவர் திறந்தார். தகடுகளைப் பிடித்து இழுத்தார், முறுக்கினார். வரவில்லை. அந்த இடத்தில் ஒரு சின்ன வட்டத் தழும்பு. அதைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார். நான் சமையல்கட்டுக்குள் போய்த் தண்ணீர்ப் பானைக்குப் பின்னால் நின்று அழுதேன். சந்தோஷம் வந்தால் எனக்கு அழத்தான் தெரியும், அதையும் யாரும் பார்க்கக் கூடாது.

அதற்குப் பிறகு எங்கள் தெருவில் விளக்குகள் கண்ணடிக்க ஆரம்பித்தன. பக்கத்து வீட்டிலிருந்து சத்தம் வரும். "ஏன் சரசு, உங்கூட்டுக்காரரு பொட்டு வெச்சா எங்கூட்டு லைட்டு ஏன் மங்குது?" அத்தைக்கும் ஆரம்பத்தில் பிடிக்கவில்லை. வீட்டு விளக்கை மங்க வைக்கிற சாமான் வீட்டுக்கு ஆகாது என்று முனகுவார். ஆனால் நாள் போகப் போகப் பாலாடைக்கு வேலையில்லாமல் போனதை அவர் கவனிக்காமல் இல்லை.

நல்ல நாள்

அப்போது நாமக்கல்லைச் சுற்றிக் கோழிப்பண்ணைகள் பெருகிக்கொண்டிருந்தன. தரையில் உமி பரப்பி வளர்த்தவர்கள் கம்பிக் கூண்டுக்கு மாறின சமயம். கூண்டு என்பது என்ன? குறுக்கும் நெடுக்கும் கம்பி, கம்பி கூடுகிற இடமெல்லாம் ஒரு பொட்டு. எங்கள் மெஷினுக்கென்றே பிறந்த வேலை.

அர்த்தநாரி என்கிற பண்ணைக்காரர் விஷயம் கேள்விப்பட்டு வந்தார். அளந்து பேசுகிற மனிதர். "என் கண்ணு முன்னால பொட்டு வெச்சுக் காட்டு தம்பி. இழுத்துப் பாப்பேன். நின்னுச்சுன்னா கூண்டெல்லாம் நீயே பண்ணு. நிக்கிலீன்னா நான் வெளியூர்ல சொல்லிக்கறேன்" என்றார். ஆயுத பூசைக்கு மறுநாள் விஜயதசமி, புதுக் காரியத்துக்கு நல்ல நாள், அன்றைக்கே வருவதாகப் பேச்சு. தீபாவளி கூப்பிடு தூரத்தில் இருந்தது. பட்டறையிலிருந்தும் ஆள் அனுப்பிக் கேட்டுவிட்டார்கள். இது கைகூடாவிட்டால் அவர் மறுபடி அந்த வெளிச்சத்துக்கு முன்னால் போய் நிற்பார். எனக்கு அது நிச்சயமாகத் தெரியும்.

ஆயுத பூசையன்று மெஷினைத் துடைத்து, சுத்தியல், அரம், ராட்டை எல்லாவற்றோடும் வைத்து நான்தான் சந்தனம் குங்குமம் வைத்தேன். அத்தை வழக்கம்போல சமையல்கட்டு நிலைப்படியோடு நின்றுகொண்டார். மாமனார் போய்ப் பல வருடம். அத்தையின் நெற்றியில் திருநீறு மட்டும்தான். நல்ல காரியம் என்றால் யாரும் சொல்லாமலே பின்னால் போய்விடுவார். "வாங்க அத்தை, நீங்களும் ஒரு பொட்டு வைங்க" என்றால், "நீ வெய்யி சாமி, நான் பாக்கறேன்" என்பார். அதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். யார்மேல் என்று தெரியாமல் கோபப்படுவேன்.

மறுநாள் காலையில் அர்த்தநாரி கத்தையாகக் கம்பி கொண்டுவந்தார். என் கணவர் இரண்டு கம்பிகளைக் குறுக்காக வைத்து மிதித்தார். 'உம்ம்' என்றது. எடுத்தார். இரண்டு கம்பிகளும் தனித்தனியாகத் தரையில் விழுந்தன.

மறுக்கா மிதித்தார். இன்னும் அழுத்தி மிதித்தார். கம்பி சூடுகூட ஆகவில்லை.

"என்ன தம்பி, நல்ல நாளும் அதுவுமா?" என்றார் அர்த்தநாரி. அவர் குரலில் கேலி இல்லை, வருத்தம்தான். அது இன்னும் மோசமாக இருந்தது.

என் கணவர் மிதிகட்டையிலிருந்து காலை எடுத்தார். "சரிங்ணா. நீங்க வெளியூர்லயே சொல்லிக்குங்க. நான் பட்டறைக்குப் போயிக்கறேன்."

மங்காத பல்பு

ஆனாலும் என் கிறுக்கு என்னை விடவில்லை. நேற்றுவரை ஒட்டினது இன்றைக்கு ஏன் ஒட்டவில்லை? ஏதோ ஒன்று மாறியிருக்க வேண்டும். "சித்த இருங்க, இன்னொருக்கா மிதிங்க" என்றேன்.

மிதித்தார். நான் கம்பியைப் பார்க்கவில்லை, பல்பைப் பார்த்தேன். அது மங்கவில்லை.

மங்கவில்லை என்றால் மெஷின் கரண்டை இழுக்கவில்லை. முனகல் வருவதால் மெஷினில் கோளாறு இல்லை, கரண்டு போகிற வழியில் எதுவோ அடைத்துக்கொண்டிருக்கிறது. குனிந்து செம்பு முனைகளுக்கு நடுவே பார்த்தேன். மேல் முனையின் முகத்தில் சந்தனம். கீழ் முனையின் முகத்தில் சந்தனம். இரண்டிலும் நடுவில் குங்குமம். காய்ந்து ஓடுபோல ஒட்டியிருந்தது. மெஷின் முழுக்கப் பொட்டாக இருந்ததால் யார் கண்ணிலும் இது தனியாகப் படவில்லை. நான் முதல் நாள் வைத்தது பெட்டியின் முகப்பில்தான். இது நான் வைத்ததல்ல.

நிமிர்ந்தேன். நிலைப்படியில் அத்தை நின்றிருந்தார். முகம் வெளுத்திருந்தது.

"என்ன சாமி ஆச்சு?"

மெதுவாகத்தான் சொன்னேன். "சந்தனம் காஞ்சிருச்சுங்க அத்தை. அதுக்குள்ள கரண்டு போவாதுங்க."

"நாந்தான் வெச்சேன்" என்றார் அத்தை. "இன்னிக்கு வெடியால நீங்கெல்லாம் எந்திரிக்கறக்கு முந்தி வெச்சேன். பொட்டு வெக்கற மெசினு, பொட்டு வர்ற வாயின்னு சொல்லிக்குவீங்களே, அதான் வாயில வெச்சேன். எம்பையன் கண்ணக் காப்பாத்துன சாமானுக்கு நான் ஒரு பொட்டு வெக்கக் கூடாதா சாமி?"

அர்த்தநாரி தரையைப் பார்த்தார். நான் உப்புத்தாளை எடுத்தேன். எடுத்தேனே தவிர, கை முனைப் பக்கம் போகவில்லை. விஜயதசமி காலையில், அத்தை கண்ணுக்கு முன்னால், அவர் வைத்த பொட்டை நான் எப்படி அழிப்பேன்?

அத்தை நிலைப்படியைத் தாண்டி வந்தார். என் கையிலிருந்து தாளை வாங்கிக்கொண்டார்.

"குடு இங்க. என்ற நெத்தியில இருந்தத ஊரே கூடி நின்னு அழிச்சாங்க. அன்னிக்கு என்ன யாரும் கேக்கல. இத நானே அழிக்கறேன். எம்பையன் கண்ணுக்காவத்தான."

முந்தானையை நனைத்து, காய்ந்த சந்தனத்தை ஊறவைத்துத் துடைத்தார். பிறகு உப்புத்தாளால் செம்பு பளபளவென்று தெரியும்வரை தேய்த்தார். மேல் முனை, பிறகு கீழ் முனை. தேய்த்து முடித்து ஒதுங்கி நின்றார்.

என் கணவர் கம்பிகளை வைத்து மிதித்தார். பல்பு மங்கியது. பக்கத்து வீட்டிலிருந்து வழக்கமான சத்தம் வந்தது. அர்த்தநாரி கம்பியை வாங்கி, ஒரு முனையைக் காலால் மிதித்துக்கொண்டு இரு கையாலும் இழுத்தார். கம்பி வில்லாக வளைந்தது.

"நின்னுக்கிச்சு தம்பி. கம்பி வளையுது, பொட்டு உடமாட்டேங்குது. கூண்ட நீயே பண்ணு."

என் கணவர் தலையை ஆட்டினார். அவர் கண்ணில் நீர் வழிந்தது. எரிச்சலால் அல்ல.

அப்போதுதான் அத்தை கேட்டார், சின்னக் குரலில்.

"இனிமேலு நான் எங்க வெக்கறது சாமி?"

என் கணவர் துண்டை எடுத்து மெஷின் பெட்டியின் மேல்பக்கத்தைத் துடைத்தார். கையால் தடவி ஓர் இடத்தைக் காட்டினார். "இங்க வெய்யுங்கம்மா. இங்க கரண்டு போவாது."

அத்தை அர்த்தநாரியைப் பார்த்தார். வெளி ஆள், நல்ல காரியமாக வந்த ஆள். அர்த்தநாரி செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். "வெய்யுங்கம்மா. பொறவு மத்த கம்பியப் பாக்கலாம்."

நான் சந்தனக் கிண்ணத்தையும் குங்குமத்தையும் நீட்டினேன். நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அத்தை முதலில் சந்தனம் வைத்தார். அது கொஞ்சம் கோணலாக விழுந்தது. அதை நிதானமாகச் சரிசெய்துவிட்டு நடுவில் குங்குமம் வைத்தார். அர்த்தநாரி அதுவரை காத்திருந்துதான் அடுத்த கம்பியை எடுத்து நீட்டினார்.